பத்துமலைக் குகைக் கோயில்: வழியும் வழிபாடும்

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, சென்று கண்டவர் செல்லவிருப்பவருக்கு வழி கூறும் அமைப்பினது. பத்துப்பாட்டுள் முதலாவதாக வைக்கப்பெற்றுள்ள திருமுருகாற்றுப்படை அவ்வமைப்பை முருகன் உறையும் இடங்களுக்கு உரியதாக்கியது. திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய், திருவாவினன்குடி, திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என அந்நூல் கூறும் ஆறனுள் ஐந்தாவது ஒரு தனி ஊரின் பெயரன்று. பிற்காலத்தார் அதனைத் திருத்தணியோடு பொருத்திக் கூறினும், சொல்லளவில் அது குன்றுகள் அனைத்தையும் முருகனுக்கு உரியனவாக்குகிறது. கடல் கடந்து மலாயாவுக்குச் சென்ற தமிழர் தாம் கண்ட குன்றுகளில் வேல் நட்டமைக்கு இலக்கியச் சான்று தேட வேண்டின், அது இவ்வொரு சொல்லிலேயே கிடைத்துவிடும். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் அந்நூலைப் படித்தவரல்லர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. குன்றேறும் வழக்கம் நூலினும் பழையது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கொம்பாக் மாவட்டத்தில் அமைந்துள்ள பத்துமலை சுப்பிரமணியர் கோயில், இந்தியாவுக்கு வெளியே மிகுதியும் அறியப்பட்ட முருகன் தலங்களுள் ஒன்று. அதன் வரலாறு வழக்கமாக இரண்டு செய்திகளால் சொல்லி முடிக்கப்படுகிறது. தம்புசாமிப் பிள்ளை என்னும் செல்வர் 1890இல் அங்கு வழிபாட்டைத் தொடங்கினார் என்பது ஒன்று. 2006இல் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை எழுந்தது என்பது மற்றொன்று. இடைப்பட்ட 116 ஆண்டுகளில் அங்குச் சென்றவர் யாவர், எவ்வழியாகச் சென்றனர், எதனை நாடிச் சென்றனர் என்னும் வினாக்கள் இவ்விரு செய்திகளின் நிழலில் மறைந்துவிடுகின்றன. இக்கட்டுரை அவ்வினாக்களை முன்வைத்து, குகைக்குச் செல்லும் வழியையே ஒரு சான்றாகக் கொண்டு அத்தலத்தின் வரலாற்றை நோக்குகிறது.

குன்றும் பெயரும்

பத்துமலை ஒரு சுண்ணாம்புக் கல் குன்று. அதன் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையானது என நிலவியலார் கணிப்பர். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து உண்டாக்கிய குகைகள் பல அக்குன்றினுள் உள்ளன. கோயில் அமைந்துள்ள பெருங்குகையின் கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுடையது. கூரையில் இயல்பாக ஏற்பட்ட திறப்புகளின் வழியே ஒளி இறங்குகிறது. மழைக்காலத்தில் நீரும் இறங்குகிறது. பெருங்குகையைக் கடந்து மீண்டும் சில படிகள் ஏறினால் மேலே வானம் திறந்த ஒரு பாறைக் கிணறு போன்ற இடத்தில் வள்ளி தெய்வானையோடு கூடிய முருகன் சந்நிதி உள்ளது. குகைக் கோயில் என்றவுடன் இருளையும் தாழ்ந்த கூரையையும் எதிர்பார்த்துச் செல்பவர், இறுதியில் வானத்தையே காண்பது இத்தலத்தின் தனித்தன்மை.

குன்றின் பெயர் மலாய்ச் சொல்லின் வழிப்பட்டது. அருகில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே குன்றுக்கும் ஆயிற்று. மலாய் மொழியில் ‘பத்து’ என்பது கல்லைக் குறிக்கும். பத்து பகாட், பத்து காஜா முதலிய ஊர்ப்பெயர்களிலும் அச்சொல்லே காணப்படுகிறது. எனவே பத்துமலை என்பது கல்மலை என்றே பொருள்படும். எனினும் தமிழ்ச் செவி அச்சொல்லை எண்ணுப்பெயராகக் கேட்டது. கேட்டதோடு அமையாது அதற்கு ஒரு விளக்கமும் கண்டது. தமிழகத்தின் ஆறு படைவீடுகளோடு மலேசியாவின் நான்கு மலைத் தலங்களைச் சேர்த்து எண்ணினால் பத்தாவது மலை இதுவே என்பது அவ்விளக்கம். ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை ஆகியன ஏனைய மூன்று. சொற்பிறப்பியல் நோக்கில் இவ்விளக்கம் நிற்காது. ஆயினும் இதனை அறியாமையின் விளைவு எனத் தள்ளிவிடுதல் தவறாகும். வேற்று மொழிப் பெயரொன்றைத் தன் எண்ணாக மாற்றிக்கொண்ட சமூகம், தன் புதிய நாட்டைப் பழைய தலவரிசையின் தொடர்ச்சியாகக் கருதத் தொடங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆறும் நான்கும் பத்தாகும் இக்கூட்டலில் தாயகமும் குடியேறிய நாடும் ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றன.

தமிழகத்தின் குடைவரைகளோடு இத்தலத்தை ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஒப்புமையினும் வேறுபாடே மிகுதி. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் அமைத்ததைத் தன் கல்வெட்டில் பெருமையாகக் கூறிக்கொண்டான். அங்குப் போற்றப்படுவது அரசனின் எண்ணமும் தச்சனின் உளியும் ஆகும். திருப்பரங்குன்றத்தின் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையும் அத்தகையதே. இயற்கைக் குகைகள் தமிழகத்தில் இல்லாமலில்லை. மாங்குளம் முதலிய இடங்களில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த குகைத்தளங்கள் பல உள. அவை பெரும்பாலும் சமணத் துறவியரின் உறைவிடங்களாக இருந்தவை. பத்துமலையோ அரசன் குடைவித்ததுமன்று, துறவி தங்கியதுமன்று. அது ஒரு குடியேற்ற நாட்டில், பிறர் ஆட்சியில், கூலிக்கு உழைக்க வந்த மக்கள் கண்டெடுத்த இயற்கைக் குகை. அங்குக் கல்வெட்டு இல்லை. எனவே அதன் தொடக்கத்தை ஆராய்பவர் பிற்காலத்து எழுத்துகளையும் செவிவழிச் செய்திகளையும் நம்ப வேண்டியுள்ளது.

‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்

பத்துமலைக் குகைகள் 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடேயால் கண்டுபிடிக்கப்பட்டன என்பது சுற்றுலாக் கையேடுகள் திரும்பத் திரும்பக் கூறும் செய்தி. ஹார்னடே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இருந்த ஓர் இயற்கை அறிவியல் நிறுவனத்துக்காக விலங்கு மாதிரிகள் திரட்டும் பொருட்டு ஆசியாவில் பயணம் செய்தவர். சிலாங்கூர்க் காவல்துறைத் தலைவராக இருந்த சையர்ஸ் அவருடன் சென்றார். அப்பயணம் பற்றிய ஹார்னடேயின் நூல் 1885இல் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. குகைகளை மேலைநாட்டாருக்கு அறிமுகப்படுத்தியதே அவர் செய்தது. அவருக்கு முன்பே தெமுவான் பழங்குடியினர் குகை வாயில்களைத் தங்கிடமாகப் பயன்படுத்தி வந்தனர். 1860ஆம் ஆண்டையொட்டிச் சீனக் குடியேறிகள் தம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக இட வௌவால் எச்சத்தை அங்கிருந்து அள்ளிச் சென்றனர். பழங்குடியினர்க்கு அது மழைக்கு ஒதுங்குமிடம். சீனத் தோட்டக்காரர்க்கு உரக்கிடங்கு. ஹார்னடேக்கு இயற்கையின் அருங்காட்சியகம். ஒரே குகை மூன்று மக்களுக்கு மூன்று பயன்களைத் தந்துகொண்டிருந்த நிலையில்தான் நான்காவதாகத் தமிழர் அங்குச் சென்றனர். பிறர் உடைமையைப் பறித்துக் கோயில் கட்டியதாகவோ, மனிதர் காலடி படாத காட்டில் கோயில் கண்டதாகவோ சொல்லப்படும் இருவகைக் கூற்றுகளும் இப்பின்புலத்தில் வலுவிழக்கின்றன.

தம்புசாமிப் பிள்ளையும் ஆண்டுகளின் சிக்கலும்

தம்புசாமிப் பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றவர். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக அமர்த்தப்பட்டபோது அவருடன் சிலாங்கூருக்கு வந்து அரசுக் கருவூலத்தில் பணி ஏற்றார். பின்னர் அரசுப் பணியிலிருந்து விலகி, சீனச் செல்வர் லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1893இல் தொடங்கப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். 1902இல் மறைந்தார். தோட்டத் தொழிலாளரின் உலகத்துக்கும் இவருடைய உலகத்துக்கும் இடைவெளி பெரிது. ஆங்கிலக் கல்வியும் அரசுச் செல்வாக்கும் சுரங்கச் செல்வமும் ஒருங்கே பெற்ற ஒருவர் இன்றி, குடியேற்ற அரசின் நிலத்தில் இருந்த ஒரு குகையில் வழிபாடு நிலைத்திருப்பது கடினமாயிருந்திருக்கும். அவ்வகையில் அவருக்கு உரிய இடத்தை மறுப்பதற்கில்லை.

சிக்கல் ஆண்டுகளில் எழுகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை அவர் 1873இல் நிறுவினார் என்று பரவலாக எழுதப்படுகிறது. பத்துமலைக் கோயிலும் அதன் நிர்வாகத்தின் கீழ் வருவதால் இவ்வாண்டு இரண்டு கோயில்களின் வரலாற்றுக்கும் முக்கியமானது. ஆனால் அவர் டேவிட்சனுடன் சிலாங்கூருக்கு வந்தது 1875 எனில், அதற்கு ஈராண்டு முன்பு கோலாலம்பூரில் கோயில் நிறுவியது எவ்வாறு? மேலும் 1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1872இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் வீழ்ந்து அழிக்கப்பட்டது. 1873இல்தான் யாப் ஆ லோய் அதனை மீட்டார். எரிந்து கிடந்த அச்சிற்றூரில் அதே ஆண்டில் ஒரு தமிழ்க் கோயில் எழுந்தது என்பதை ஏற்க மிக வலிய சான்று வேண்டும். சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது 1880இல். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1886இல். மாரியம்மன் கோயில் தொடர்வண்டி நிலையத்தின் அருகிலிருந்து இன்றைய இடத்துக்கு 1885இல் பெயர்ந்தது என்னும் செய்தி இவ்வரலாற்றுப் போக்கோடு இயைந்து நிற்கிறது. 1873 என்பது பிற்காலத்தார் கணித்துச் சேர்த்த ஆண்டாகவோ, வேறொரு வழிபாட்டின் நினைவாகவோ இருத்தல் கூடும். மாற்றுச் சான்று கிட்டும் வரையில் அதனை ஐயத்தோடு கையாளுதலே முறை. மாரியம்மன் கோயில் நெடுங்காலம் பிள்ளை குடும்பத்தின் தனிக்கோயிலாக இருந்து, 1920களின் இறுதியில்தான் பொதுமக்கள் கோயிலாயிற்று. குடும்ப நினைவும் பொது வரலாறும் ஒன்றாகக் கலந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பத்துமலையைப் பற்றிய மரபு, பெருங்குகையின் வாயில் வேல் வடிவில் அமைந்திருந்தமை தம்புசாமிப் பிள்ளையின் உள்ளத்தைத் தூண்டியது என்று கூறுகிறது. வழிபாடு தொடங்கிய ஆண்டாக 1890உம் 1891உம் சொல்லப்படுகின்றன. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஓராண்டு வேறுபாடு பெரிதன்று. கவனிக்க வேண்டியது வேறு. கண்டவர் ஒருவர், கண்ட வடிவம் ஒன்று, தொடங்கியவர் அவரே எனக் கதை முழுவதும் ஒரு மனிதரைச் சுற்றி அமைந்துள்ளது. காட்டுப் பாதையை வெட்டித் திருத்தியவர், செங்குத்தான பாறையில் பூசைப் பொருள்களைச் சுமந்து ஏறியவர், முதல் காவடியை எடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அக்கதையில் இல்லை.

படிகள்

அவர்கள் விட்டுச் சென்ற ஆவணம் வழியே. குகை வாயில் தரைமட்டத்திலிருந்து மிக உயரத்தில் உள்ளது. தொடக்கத்தில் பக்தர்கள் பாறையையும் வேரையும் பற்றி ஏற வேண்டியிருந்தது. 1920இல் மரப்படிகள் அமைக்கப்பட்டன. 1940இல் அவற்றுக்கு ஈடாகக் கற்காரைப் படிகள் கட்டப்பட்டன. இன்று உலகெங்கும் அறியப்பட்ட 272 படிகள் அவையே.

1890க்கும் 1920க்கும் இடையே முப்பது ஆண்டுகள் உள்ளன. அக்காலத்தில்தான் மலாயாத் தமிழரின் வாழ்வு முற்றிலும் மாறியது. கரும்பு, காப்பித் தோட்டங்களின் இடத்தை ரப்பர் பிடித்தது. 1905க்குப் பிந்தைய ரப்பர் விலையேற்றம் சிலாங்கூரின் காடுகளைத் தோட்டங்களாக்கியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். ஒருசில ஆண்கள் மட்டும் ஏறும் பாறை வழி, பெண்களும் குழந்தைகளும் ஏற வேண்டிய வழியாக மாறியது இக்காலத்தில்தான். மரப்படிகளின் தேவையை இம்மக்கள் தொகை மாற்றத்தோடு சேர்த்துக் காண வேண்டும். ஓர் அறங்காவலரின் கொடை என்று மட்டும் அதனைக் காண்பது குறைப்பார்வை.

மரப்படிகளுக்கும் கற்காரைப் படிகளுக்கும் இடையே உள்ள இருபது ஆண்டுகள் தொழிலாளர்க்குக் கொடியவை. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண் தொழிலாளிக்கு 40 காசும் திட்டக்கூலியாக இருந்தன. உலகப் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து 1930இல் அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டன. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன் பின்னர் தோட்டங்களில் எஞ்சியிருந்தோர் வந்துபோகும் கூலிகளாக இல்லை. அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளைக் கொண்ட குடிகளாயினர். 1940இன் கற்காரைப் படிகள் அத்தகைய மக்களுக்காக எழுந்தவை. மரம் இற்றுப்போவதால் கற்காரை வந்தது என்பது பொறியியல் காரணம். தங்கிவிட்ட மக்கள் தங்கக்கூடிய பொருளால் வழி அமைத்தனர் என்பது வரலாற்றுக் காரணம்.

அவ்வாறு படியேறிய மக்களின் மனநிலையை உணர ஓராண்டு தள்ளி நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பனவும் தொழிலாளரின் கோரிக்கைகளாக இருந்தன. அரசு படையை அனுப்பி அவ்வேலைநிறுத்தத்தை அடக்கியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தோட்டத்துச் சாலையில் துரையின் முன் இறங்கி நிற்க வேண்டியிருந்த மனிதன், தைப்பூச நாளில் தோளில் காவடியோடு எவர்க்கும் வழிவிடாது நடந்தான். எதிரே நின்றோர் அவனுக்கு வழிவிட்டனர். சமயச் சடங்கு என்னும் ஒரே தலைப்பில் காவடியை அடக்கிவிடும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

காவடி அக்காலத்திலேயே கடும் விமரிசனத்துக்கும் உள்ளானது. 1929இன் இறுதியில் பெரியார் மலாயா வந்ததையொட்டிச் சுயமரியாதைக் கருத்துகள் அங்கு வேரூன்றின. அலகு குத்துதலும் தீமிதியும் தமிழரைப் பிற இனத்தார் முன் இழிவுபடுத்துகின்றன என்று சீர்திருத்தவாதிகள் எழுதியும் பேசியும் வந்தனர். அவர்களின் கவலையில் உண்மை இல்லாமலில்லை. சடங்கு செய்வோரின் வறுமையையும் கல்வியின்மையையும் அவர்கள் கண்முன் கண்டனர். எனினும் ஆண்டு முழுவதும் பிறருக்காக வருந்திய உடலைத் தொழிலாளி ஒருநாள் தன் விருப்பப்படி தன் தெய்வத்துக்காக வருத்திக்கொண்டான் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. இரு தரப்பாரும் ஒரே மக்களின் மானத்தைப் பற்றியே வழக்காடினர் என்று கொள்வது பொருந்தும்.

குன்றை உண்ட தொழில்

பத்துமலையின் மிகப் பெரிய இடர் சமயச் சீர்திருத்தத்திலிருந்து வரவில்லை. சுண்ணாம்புக் கல்லின் விலையிலிருந்து வந்தது. கோலாலம்பூர் வளரச் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கல் வேண்டியிருந்தது. குன்றின் பக்கங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஒருபுறம் பூசையும் மறுபுறம் வெடியும் பல்லாண்டுகள் ஒரே குன்றில் நடந்தன. 1980களின் தொடக்கத்தில்தான் கல்லுடைப்பு நின்றது. வெட்டுண்ட பாறை முகங்கள் இன்றும் குன்றின் பக்கங்களில் காணப்படுகின்றன.

சுண்ணாம்புக் குன்றில் வழிபடுவோர்க்குப் பாறைச் சரிவு எப்போதும் அச்சமூட்டுவது. ஈப்போவில் குனோங் சீரோ குன்றில் 1973இல் நேர்ந்த பாறைச்சரிவு அடிவாரக் குடியிருப்பின்மீது வீழ்ந்து நாற்பது பேரளவில் உயிரிழந்தனர். அதே குன்றின் குகையில் தொடங்கிய கல்லுமலை முருகன் வழிபாடு முன்னரே வெளியே கட்டப்பட்ட கோயிலுக்கு மாறியிருந்தது. பத்துமலையில் குகையே கோயிலாக நீடித்தது. 2012இல் குன்றின் அருகே 29 மாடி அடுக்ககம் ஒன்றுக்கான திட்டம் வெளிப்பட்டபோது கோயிலாரும் சூழலியலாளரும் ஒருசேர எதிர்த்தனர். அவ்விரு தரப்பாரும் ஒரே குரலில் பேசியது புதுமை. ஏனெனில் கோயில் குகைக்குச் செல்லும் படிகளின் இடையே பிரியும் ‘இருட்குகை’, உலகில் வேறெங்கும் அரிதாகவே காணத்தக்க பொறிக்கதவுச் சிலந்தி முதலிய உயிர்களின் வாழிடம். கோயிலின் வளர்ச்சிப் பணிகளே அவ்வுயிர்களுக்கு இடையூறாகும் என்று முன்னர்க் குறைகூறியவர்கள் சூழலியலாளர்கள். கல்வி நோக்கில் பார்வையாளரை அனுமதித்து வந்த அக்குகை 2019இல் மூடப்பட்டது.

தேர்வழி

தைப்பூசத்தை முன்னிட்டுக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து பத்துமலையை அடைகிறது. 1974 பிப்ரவரியில் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானது. அன்று முதல் தேர் ஓர் ஆட்சி எல்லையில் புறப்பட்டு மற்றோர் ஆட்சி எல்லையில் நிலைகொள்கிறது. சிலாங்கூர் முதலிய சில மாநிலங்களில் தைப்பூசம் பொது விடுமுறையாக இருக்க, தேர் புறப்படும் நகரில் அது விடுமுறையாக்கப்பட்டது 2008இல்தான். அவ்வாண்டின் சூழலை மறந்து இவ்வறிவிப்பைப் புரிந்துகொள்ள இயலாது.

2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமைப் பணிப்படையினர் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்கு முன்னதாக, விடியற்காலையில் பத்துமலை வளாகத்தில் பெருந்திரளானோர் கூடியிருந்தனர். வளாகத்தின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. காவலர் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீச்சலும் பயன்படுத்தினர். கோயில்கள் இடிக்கப்படுவதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற வறுமைக்குத் தள்ளப்பட்டதும் அப்பேரணிக்குப் பின்னணியாக இருந்தன. கூடுவதற்குப் பத்துமலை தேர்ந்தெடுக்கப்பட்டது இயல்பே. நாட்டின் எந்த மூலையிலிருந்து வரும் தமிழர்க்கும் வழி தெரிந்த ஒரே இடம் அது. இரு மாதங்களுக்குள் வந்த தைப்பூசத்துக்குச் சற்று முன் விடுமுறை அறிவிப்பு வந்தது. மார்ச்சு மாதம் பொதுத்தேர்தலும் வந்தது. 1892 முதல் பக்தர் சென்ற வழி, அரசியல் வழியாகவும் விளங்கியதை அவ்வாண்டு வெளிப்படையாகக் காட்டியது.

2010இல் மின்தொடர்வண்டிச் சேவை பத்துமலை வரை நீட்டிக்கப்பட்டது. செல்வோரின் எண்ணிக்கையும் இயல்பும் மேலும் மாறின. தைப்பூசக் காலத்தில் வருவோர் பத்து லட்சத்தைக் கடப்பர் என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. ஏனைய நாள்களில் வருவோருள் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியர் கணிசமானோர். 2018 ஆகஸ்டில் குடமுழுக்கை முன்னிட்டு 272 படிகளும் பல வண்ணங்களில் தீட்டப்பட்டன. மரபுரிமைச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி பெறப்பட்டதா என்ற வினாவை உரிய அரசுத் துறை எழுப்பியது. அதற்குள் வண்ணப்படிகளின் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவிவிட்டன. 1940இன் கற்காரையை எவரும் ஒளிப்படம் எடுக்க விரும்பியதில்லை என்பதையும், வண்ணம் பூசிய பின்னரே அப்படிகள் ‘மரபுரிமை’யாகப் பேசப்பட்டன என்பதையும் ஒருங்கு நோக்கினால், மரபுரிமை என்னும் சொல் எப்போது, யாரால் கையாளப்படுகிறது என்பது விளங்கும்.

சிலையின் வரலாறு வேறு ஒரு திருப்பத்தைக் கொண்டது. தமிழகத்துச் சிற்பி திருவாரூர்த் தியாகராசன் தலைமையில் கலைஞர்கள் வந்து, ஏறத்தாழ 1,550 கன மீட்டர் கற்காரையும் 250 டன் எஃகும் கொண்டு அதனை எழுப்பினர். பொன்வண்ணப் பூச்சு 300 லிட்டர், தாய்லாந்திலிருந்து வந்தது. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அச்சிலை நெடுங்காலம் உலகின் மிக உயரமான முருகன் சிலையாக இருந்தது. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு படியேறாமலே திரும்புவோர் இன்று பலர். குகை இருப்பதால் சிலை வந்தது. சிலை வந்தபின் குகை பலருக்குப் பின்னணிக் காட்சியாயிற்று.

2022இல் சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரமுள்ள முத்துமலை முருகன் சிலைக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அது பத்துமலைச் சிலையின் 140 அடியைக் காட்டிலும் ஆறு அடி கூடுதல். அதனை அமைத்தவரும் பத்துமலைச் சிலையை அமைத்த அச்சிற்பியே. கங்காணிகள் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று.